வஸ்ஸோடு ஒட்டியவர்

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் கட்டிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். பாயில் ஒட்டியவரை நான் கண்டதில்லை. வஸ்ஸில் ஒட்டியவரைத் தினமும் காண்கிறேன். அவர்தான் நம்ம ஊர் வஸ்ஸில் போகும் வெள்ளைக்காரர்.

இவரைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுலாப் பயணி பாசிக்குடாவில் ஓட்டோ பிடிக்கிறவர். 2004 சுனாமிக்குப் பிறகு வந்திறங்கிய தொண்டு நிறுவனத்துப் பெரியவர்களும் வேறு. துப்பாக்கி ஏற்றமாட்டோம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேண்ட் குரூசரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனவர்கள் அவர்கள். நம்ம ஆள் கல்லடியில் அறை எடுத்து, சாரம் கட்டி, இங்கிலீஷ் படிப்பித்தோ வாவியைப் பற்றி ஆராய்ச்சி எழுதியோ காலம் கழிப்பவர். முதல் மாதம் ஓட்டோவுக்கு அழுத காசைக் கூட்டிப் பார்த்ததும் கல்முனை வஸ்ஸுக்குக் கை காட்டினார். அன்றோடு சரி.

"உள்ளுக்குப் போங்க, நடுவில இடம் கிடக்கு" என்பார் கொண்டக்டர். அந்த நடுவை இதுவரை கண்டவர் எவருமில்லை. நாம் அசையமாட்டோம். இவர் மட்டும் நம்பி உள்ளே போவார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். கூரையோ நம்ம அளவுக்கு அடித்தது. கழுத்தைச் சாய்த்தபடி காத்தான்குடி வரை நின்றால், நடுவீதிப் பேரீச்சை மரங்கள்கூட இவருக்குச் சரிந்துதான் தெரியும்.

இவர் இரண்டு சொல் தமிழ் பேசிவிட்டால் வேறொரு சிக்கல் தொடங்கும். தமிழ் பேசும் வெள்ளைக்காரர் என்றால் நம்ம ஆட்களுக்குப் பாதிரியார்தான். காரணம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் பாடமும் கூடைப்பந்தும் படிப்பித்தார்கள். 1948இல் வந்த மில்லர் சுவாமி வாழ்நாளையே இங்கு கழித்தார். ஆகவே முன்னாலிருக்கும் மதகுருமாருக்கான ஆசனம் இவருக்குத் தானாகவே காலியாகும்.

"இருங்க சுவாமி."

"நான் சுவாமி இல்லை அம்மா."

"பறவாயில்ல, இருங்க சுவாமி."

இருந்ததும் பேரனை இழுத்து முன்னால் நிறுத்துவார் கிழவி. "சோதினை எழுதப் போறான், தலையில கை வைங்க." ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காத மனுஷன் கை வைப்பார். பேரன் சித்தியடைந்துவிட்டால் அடுத்த வருடம் முழு வகுப்பும் வரும்.

ஆசனம் கிடைத்தவர் நிற்பவரின் பையை வாங்கவேண்டும் என்பது நம்ம வஸ் சட்டம். முதலில் ஒரு புத்தகப்பை வரும். பிறகு மீன் வாங்கிய பை, யாரோ ஒருவரின் ஹெல்மெட், கடைசியாகத் தயிர்ச்சட்டி. ஆரையம்பதி தாண்டினால் கண்ணாடியும் இரண்டு காதும்தான் மிச்சம். பைகளைக் கொடுத்தவர்கள் சும்மா நிற்பார்களா? "எந்த நாடு மனே? கலியாணம் முடிச்சா? ஏன் முடிக்கல்ல?" தாயிடமும் சொல்லாத பதிலை மூன்றாவது ஆசனம் வரை கேட்கச் சொல்வார். இறங்கவேண்டிய இடம் வந்ததும் ஒவ்வொன்றையும் உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும். தயிர்க்காரி பின்வாசலுக்குப் போயிருப்பாள். றைவரோ கண்ணாடியில் பின்னால் வரும் வஸ்ஸைக் கண்டுவிடுவார். அதன் பிறகு யமனுக்கும் அந்த வஸ் நிற்காது. செட்டிபாளையத்தில் இறங்கவேண்டியவர் களுவாஞ்சிக்குடியில் தயிர்ச்சட்டியோடு நிற்பார். மிச்சக் காசு கொண்டக்டரோடு கல்முனைக்குப் போயிருக்கும்.

வெள்ளைக்காரப் பெண்ணின் கதையை நான் எழுதவில்லை. அந்த நெரிசலில் அவரும் நம்ம பிள்ளைகளும் படுவது சிரிக்கிற விசயமல்ல.

நம்ம ஆள் ஊருக்கு எழுதும் கடிதத்தில் வஸ்ஸைத் திட்டுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, புகழ்ந்து தள்ளுவார். திட்டுகிறவர்கள் நாம்தான். திட்டித் திட்டியே லீசிங்கில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டோம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்தபோது வெட்கத்தோடு வஸ்ஸுக்குத் திரும்பினோம். எந்தக் கம்பியைப் பிடித்தால் விழாமல் நிற்கலாம் என்று இவர்தான் காட்டித்தந்தார். பெற்றோல் வந்ததும் இறங்கிவிட்டோம், இவர் இறங்கவில்லை. கல்முனை வீதியில் வேறு வழியிருந்தும் விரும்பி வஸ் ஏறுகிற ஆள் இவர் ஒருவர்தான். டிப்போக்காரர் இவருக்கு ஒரு சீசன் டிக்கட்டைச் சும்மா கொடுத்தாலும் நட்டமில்லை.