பரங்கியர் காட்டாமல் போன காபி

எங்கள் குள்ளஞ்சாவடியில் எந்தப் பக்கம் நடந்தாலும் முந்திரித்தோப்பு வரும். அந்த மரத்தைப் பிரேசிலிலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். மிளகாய், கொய்யா, பப்பாளி, அன்னாசியும் அவர்கள் உபயம்தான். 16ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் குடியேறி, ஊரின் பெயரையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். இத்தனையும் கொடுத்தவர்கள் தங்கள் காலைக் காபியை மட்டும் காட்டாமல் போய்விட்டார்களே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. பிரேசிலுக்கே காபிச்செடி 1727இல்தான் போய்ச் சேர்ந்ததாம். அதற்குள் பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கடை விரித்தாயிற்று.

இந்தப் பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவன், லிஸ்பனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் பையிலிருந்து ஒரு காபித்தூள் பொட்டலத்தை எடுத்தான்.

“மாமா, அங்க காலையில கலாவ்னு ஒண்ணு குடிப்போம். கால் பங்கு காபி, முக்கால் பங்கு நுரை பொங்கின பால், உயரமான கண்ணாடி டம்ளர். கூட வெண்ணெய் தடவின ரொட்டி. அவ்ளோதான்.”

முக்கால் பங்கு பால் என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டுக் காபியின் நிறத்தை வைத்தே வந்தவரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். சம்பந்தி வந்தால் முதல் டிகாக்‌ஷன். நெய்வேலியில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் அதுதான். கல்யாணத் தரகருக்கு இரண்டாவது. சீட்டுப் பணம் கேட்டு வருகிறவருக்கு மூன்றாவது. அதுவும் அவரே எழுந்து போகும்வரை அடுப்பில் சூடாகிக்கொண்டே இருக்கும். கால் பங்கு டிகாக்‌ஷன் என்பது காய்ச்சல்காரர்களுக்கும், ‘எனக்கும் காபி’ என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கும்.

போர்ச்சுகல் தூளில் ரொபஸ்டா தாராளம். அங்கோலாவை அவர்கள் ஆண்ட காலத்துப் பழக்கம். 1970களின் தொடக்கத்தில் அந்த நாடு ரொபஸ்டா விளைச்சலில் பெரிய கை. வறுத்த பார்லியும் சிக்கரியும் கலந்த தூளைப் பாலில் கரைத்துக் குடிக்கிற வீடுகளும் போர்ச்சுகலில் உண்டாம். இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சிக்கரி கலப்பது பச்சை மோசடி என்று பெங்களூர் நண்பர் ஒருவர் வெகுகாலமாக என்னைக் குத்திக்கொண்டிருக்கிறார். இனி பேசட்டும், பார்க்கிறேன்.

லிஸ்பன் கடைகளில் இயந்திரம்தான் காபி இறக்கும். காற்றழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் தள்ள, அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அழுத்தம் எங்களுக்குப் புதிதா என்ன? 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தால்தான் வெட்டவே முடியும். ஆனால் எங்கள் அடுப்படியில் இருப்பது பித்தளை ஃபில்டர். புவியீர்ப்பு ஒன்றுதான் அதற்குத் துணை, அதோடும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவசரம் என்று தலையில் தட்டினால் சொட்டுவதையும் நிறுத்திவிடும். லிஸ்பன்காரன் அதன் எதிரே உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு சினிமாவின் முதல் பாதியைப் பார்த்து முடித்தான்.

கண்ணாடி டம்ளர்கள் ஷோகேஸில் இருந்தன. எங்கள் கல்யாணத்துக்கு வந்த செட். விருந்தாளிகள் பார்ப்பதற்கானது, குடிப்பதற்கானதல்ல. கொதிக்கிற பாலை ஊற்றினால் விரிசல் விடும் என்று என் மனைவி எவர்சில்வர் கரண்டியை உள்ளே நிறுத்தி, பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள்.

நுரைக்கு அங்கே நீராவிக் குழாய் இருக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது பஸ் ஸ்டாப் டீக்கடை மாஸ்டரின் வலது கை. மாஸ்டரை நினைத்துக்கொண்டு பையன் பாலை ஒரு முழம் இழுத்து ஆற்றினான். நுரை அருமையாக வந்தது, தரையில்.

“குடுடா இங்க” என்று அம்மா வாங்கிக்கொண்டாள். நாலே இழுப்பு. டம்ளரின் கழுத்துவரை நுரை. அதன் நடுவே டிகாக்‌ஷனை ஊற்றியதும் பால் இளம் பழுப்பாகிப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

“அங்கயும் ஸ்ட்ராங்கா, லைட்டான்னு கேட்டுத்தான் போடுவாங்க ஆயா” என்றான் பேரன்.

“இதுக்கு மேல லைட்டாவா?” என்று அம்மா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். ரத்த அழுத்தத்தைக் காட்டி டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னதிலிருந்து, எங்கள் கண்முன் அம்மா வெறும் பால்தான் குடிப்பது. நான் டம்ளரைப் பிடுங்கப் போனேன்.

“டாக்டர் காபியைத்தானே குடிக்கக்கூடாதுன்னாரு? இதுல ஏதுடா காபி?” என்றவள், காலி டம்ளரைப் பேரனிடம் நீட்டினாள். “கண்ணு, ஆயாவுக்கு இன்னொண்ணு. டிகாக்‌ஷன் மட்டும் கொஞ்சம் தூக்கலா.”