ஜென்டீல் ஆசாமி

நாசூக்கானவன் என்று பெயரெடுக்கும் ஆசை எனக்கு நிறைய உண்டு. அந்த ஆசைக்கு ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்ததுதான் வினை.

மேலதிகாரி ஒருவர் ஓய்வுபெற்றபோது வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'பண்பட்டவர்' என்ற எண்ணத்தில் அவரை 'ஜென்டீல்' என்று புகழ்ந்துவைத்தேன். மேடையில் அதையே 'ஜென்டில்' என்று தவறாக வாசித்ததால் கைதட்டல் கிடைத்தது. அச்சிட்ட மடல் அவர் வீட்டுக்குப் போன பிறகு போன் வந்தது. "ஏன் சார், நான் அவ்வளவு பாசாங்கா பண்றேன்?"

அகராதியை அப்புறம்தான் புரட்டினேன். ஒரே பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குள் மூன்று தடவை நுழைந்திருக்கிறது. முதலில் வந்தது 'ஜென்டில்', 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஜென்டீல்', அதற்கும் பின்னால் 'ஜாண்டி'. நடுவில் வந்ததற்குத் தொடக்கத்தில் நல்ல மதிப்பு இருந்தது. கையில் காசு சேர்ந்த நடுத்தர வர்க்கம் அதை ஆசையாகப் பிடித்துக்கொண்டதும் மேட்டுக்குடி கைகழுவிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதில் கேலி ஏறிவிட்டது. இன்று பெரும்பாலும், பெரிய மனிதத் தோரணையைச் சிரமப்பட்டுக் காட்டுகிறவரையே அது குறிக்கும். இல்லாமையை மறைத்துக் கௌரவம் காப்பதற்கு 'ஜென்டீல் பாவர்ட்டி' என்று பெயர்.

அதோடு விட்டேனா? 1954இல் ஆலன் ராஸ் என்ற பேராசிரியர், இங்கிலாந்து மேட்டுக்குடியின் பேச்சையும் மற்றவர்கள் பேச்சையும் பிரித்துக்காட்டிக் கட்டுரை எழுதினார். மறுவருடம் எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்ட் அதை ஊரெல்லாம் பேசும்படி செய்தார். அதன்படி கைதுடைக்கும் துணியை 'நாப்கின்' என்பவர் மேட்டுக்குடி. 'செர்வியட்' என்பவர் அப்படிக் காட்டிக்கொள்கிறவர். காது கேட்காவிட்டால் பிரபு 'வாட்?' என்று முகத்திலடித்தாற்போல் கேட்பார். 'பார்டன்?' என்று குழைபவர் மாட்டிக்கொள்வார்.

நான் ஹோட்டலுக்கு ஹோட்டல் 'செர்வியட்' கேட்டவன். ஒருமுறை சர்வர் "என்னாது?" என்றார். நான் "பார்டன்?" என்றேன். ராஸ் கணக்குப்படி அன்று அங்கிருந்த ஒரே பிரபு அந்தச் சர்வர்தான்.

ஆகவே, யாரையாவது ஆங்கிலத்தில் மெச்ச வேண்டுமானால் 'பொலைட்' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருங்கள். 'ஜென்டீல்' என்பதை என்னைப் பற்றி எழுதும்போது தாராளமாகப் போடலாம். அர்த்தம் அச்சாகப் பொருந்தும்.