ரேஞ்ச் இல்லாதவர்கள் ஐந்து நட்சத்திரம் போடவும்

இணையவழிப் பாடம் முடிந்ததும் ஒரு படிவம் வரும். பாடம் தெளிவாக இருந்ததா, ஒலி சரியாகக் கேட்டதா, நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்கும். படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் இறங்கும் என்று பல இடங்களில் முடிச்சும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே எல்லாரும் நிரப்புகிறார்கள், எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். மேலிடத்துக்கு அறிக்கை போகிறது: பயனாளிகளுக்குப் பரம திருப்தி! பாடத்தைத் திறக்கவே முடியாமல் போன பிள்ளைக்கு அந்தப் படிவமும் திறக்காது. ‘இணைப்பு இல்லை’ என்று புகார் சொல்லவும் இணைப்பு வேண்டும். இதைவிடப் பாதுகாப்பான நிர்வாகம் உலகத்தில் உண்டா?

அந்தப் பிள்ளை இருக்கும் மலைக்குப் போவோம். தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்து இடுக்கி மாவட்டம். எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று போனே அங்கே தடுமாறும். அதிகாலையில் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவார்கள். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது அப்பாவின் சட்டைப் பையில் தோட்டத்துக்குப் போய்விடும். வகுப்பு காலையில், போன் வீடு திரும்புவது சாயங்காலம். இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ‘ஆசிரியரின் குரல் இனிமையாக இருந்ததா?’ என்பதற்கு மட்டும் ஐந்து கட்டம் உண்டு.

கதை 2020 ஜூன் 1-இல் தொடங்குகிறது. கொரோனாவால் பூட்டிய பள்ளிகளுக்குப் பதிலாகக் கேரள அரசு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற வகுப்புகளைக் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஓட்டியது. 2005-இல் அந்தச் சேனலைத் தொடங்கி வைத்தவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துத் தமிழர் திறந்து வைத்த சேனல்தான், ஆனால் மணி மலையாளத்தில் அடித்தது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் பின்னால் வந்தன, அதுவும் பெரும்பாலும் பாலக்காட்டிலிருந்து யூடியூபில் ஏற்றப்பட்டவையாக. இந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் நெட் இருக்காது என்றுதானே தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அந்த ஞானம் மலையாளவழிப் பிள்ளையோடு தீர்ந்துபோயிற்று. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கும் தமிழ்வழிப் பிள்ளை மட்டும் நெட் போட்டு யூடியூபில் பார்த்துக்கொள்ளலாமாம்.

மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மொழி தமிழ், பாடம் தமிழ்நாட்டுப் புத்தகம். இடுக்கிப் பிள்ளையின் கையிலோ கேரளப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு. புரிகிற சேனலில் தன் பாடம் இல்லை, தன் பாடம் வருகிற சேனல் புரியவில்லை. இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு பிள்ளையை இதைவிடக் கச்சிதமாக நடுவில் நிறுத்தியிருக்க முடியாது.

கேரளத்துக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வாரத்தை அது வெள்ளோட்டம் என்றே அறிவித்தது. தொலைக்காட்சியோ நெட்டோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் என்று சமக்ர சிக்ஷா கல்வித் திட்டம் கணக்கும் வைத்திருந்தது. எண்ணிக்கூடப் பார்க்காத மாநிலங்கள் இருக்கும்போது இது பெரிய விஷயம்தான். ஆனால் எண்ணுவதற்கும் கேட்பதற்கும் தூரம் அதிகம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், குழந்தைகளும் உண்டு. மின்சாரம் இல்லை, போன் இல்லை. சேதி வெளியுலகுக்கு எட்ட மறுநாள் காலை ஆயிற்று. செத்ததைச் சொல்லவே ரேஞ்ச் இல்லாத ஊரில் இணையவழிக் கல்வி ‘நடந்துகொண்டிருந்தது’. இதற்கு மேல் என்ன பின்னூட்டம் வேண்டும்?

வேண்டியிருந்தது போலிருக்கிறது. பத்து மாதம் கழித்து, 2021 ஜூனில், பெட்டிமுடி இருக்கும் அதே ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி இரவிகுளம் தேசியப் பூங்கா அருகே சாலையோரம் உட்கார்ந்து படித்தது நாடு முழுக்கச் செய்தியானது. பூங்காவில் வரையாட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிடைத்த ரேஞ்ச், அங்கேயே பிறந்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கவில்லை. அதைப் படம் எடுத்து ‘கல்வித் தாகம்’ என்று தலைப்புப் போட்டார்கள் சிலர். தாகமாம்! தண்ணீர்க் குழாயைப் போடாதவன் தாகத்தைப் புகழ்கிறான்.

மறுபடி படிவத்துக்கு வருவோம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே ஒரு பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றாரா, கற்றதைச் செய்கிறாரா, அதனால் என்ன விளைந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் அதிகாரிகள் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். பிடித்ததா என்று கேட்பது மலிவு. கற்றானா என்று பார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பதில் கசந்தால் பாடத்தைத் திருத்துகிற முதுகெலும்பு வேண்டும். அதற்கெல்லாம் டெண்டர் கிடையாது.

இங்கே மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய திறந்த பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று 2019-இல் சயன்ஸ் இதழில் ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ்-வாலியெந்தேயும் எழுதினார்கள். சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் காலே வைக்கவில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த அந்த மூன்று பேரிடம் போய்க் கருத்துக் கேட்டால் இனிப்பாகத்தான் சொல்வார்கள். விட்டுப்போன தொண்ணூற்றேழு பேரிடம் அல்லவா பாடத்தின் வியாதி இருக்கிறது? மருத்துவமனையின் தரத்தைக் குணமாகி வீட்டுக்குப் போனவர்களிடம் மட்டும் விசாரிக்கிற வேலை இது.

கம்பம்மெட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் புற்றடி. ஸ்பைசஸ் பூங்காவில் ஏலக்காய் ஏலம் நடக்கும். கம்ப்யூட்டரில்தான் விலை கேட்பார்கள். ஆனாலும் சாம்பிள் கைக்கு வராமல் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. பச்சை மங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், உடைத்து விதையைப் பார்ப்பார். ‘காய் உங்களுக்கு மகிழ்ச்சியளித்ததா?’ என்று விவசாயியிடம் கேட்டு விலை போட்டால் அந்த வியாபாரியின் கடை ஒரே வாரத்தில் சாத்தப்படும். நம் பிள்ளைகளின் இரண்டு வருஷப் படிப்புக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

2021 நவம்பர் 1-இல் கேரளப் பள்ளிகள் திறந்துவிட்டன. அத்தோடு இணையவழிப் பாடம் ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் பயிற்சி திக்ஷா தளத்தில், கல்லூரிப் பாடம் ஸ்வயம் தளத்தில். ஒரு பட்டப்படிப்பின் பருவப் பாடங்களில் 40 சதவீதம்வரை ஸ்வயத்தில் எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2021-இல் விதி செய்துவிட்டது. எஸ்டேட் லயத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பெண் இனி அங்கும் ரேஞ்ச் தேட வேண்டும்.

ஆகவே, ஐயாமாரே, அடுத்த படிவத்தைக் காகிதத்தில் அச்சடியுங்கள், தமிழிலும். காலை ஜீப்பில் கொடுத்தனுப்புங்கள். முதல் கேள்வி ‘யார் வரவில்லை, ஏன்?’ என்றிருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டு, பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அதுவரை பாடம் பிடிக்கிற புது ஸ்டூடியோவுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காதீர்கள்.