டர்ன்டேபிள் பாதவியல்

பலகை அறுத்து, மோட்டார் பொருத்தி, பெல்ட் மாட்டி வீட்டிலேயே டர்ன்டேபிள் செய்துகொள்வோர் எல்லாரும் இறுதியில் வந்து சேரும் இடம் அதன் கால். இக்கட்டுரை அக்காலை ஆராய்தல் நுதலிற்று.

காலுக்கு ஆராய்ச்சி எதற்கு எனின், ஊசிக்குப் பகுத்தறிவு இல்லாமையால் என்க. இசைத்தட்டின் தடம் அசைத்தாலும், சமையலறை கிரைண்டர் அசைத்தாலும் அதற்கு ஒன்றே; இரண்டையும் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். தணிந்து பாடும் இடங்களில் தடத்தின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கிரைண்டருக்கு அந்த அடக்கம் கிடையாது.

இத்துறையில் இரு சமயங்கள் உள. எஃகுக் கூர்முனையே அதிர்வைத் தரைக்கு வடித்துவிடும் என்பர் ஒரு சாரார். இறங்கும் வழியே ஏறும் வழியும் ஆதலின் அது பொருந்தாது. மென்பாதச் சமயத்தாரோ தமக்குள்ளேயே பிளவுண்டவர்: டென்னிஸ் பந்தை இரண்டாக அரிந்து கவிழ்ப்போர், ஸ்குவாஷ் பந்தை முழுதாக வைப்போர், சோர்போதேன் என்னும் அதிர்வு விழுங்கும் பொருளை வாங்கிவிட்டு வீட்டில் விலையைச் சொல்லாதோர் என.

பொருள் எதுவாயினும், பாரம் ஏறியதும் கால் எத்தனை அமுங்குகிறது என்பதே கேள்வி. ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ், 1 செ.மீ. அமுங்கினால் 5. ரப்பர் ஆடும்போது மேலும் விறைத்துக்கொள்வதால் அதற்கு எண் இன்னும் ஏறும். அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வையே கால் தடுக்கும். அந்த எண்ணிலேயே வரும் அதிர்வையோ பெருக்கிக் கொடுக்கும். ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் எண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவதே நலம் என்பது மரபு. 2.5 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் சரியாக 10 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். கேடு விளைவிக்க இதைவிடத் துல்லியமான அளவு இல்லை.

சோதனை முறை எளிது. ஓடாத தட்டில் ஊசியை வைத்து, ஒலியை மிதமாக ஏற்றி, மேசையை விரல் மூட்டால் தட்டுக. காலாக வைத்த வாஷர் ரப்பர் அமுங்குவதே இல்லை. 'டக்' என்றது 'டக்' என்றே கேட்கும். அரைப் பந்து அதை 'தும்' ஆக்கும். ஆனால் மோட்டார் இருக்கும் பக்கம் தாழ்ந்து, ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடும். பந்தை மாற்றுவது தீர்வன்று. பாரம் சமமாகப் பிரியும்படி கால்களையே மோட்டார் பக்கம் நகர்த்த வேண்டும். ஸ்பிரிங் எல்லாவற்றிலும் மேல், ஆடத் தொடங்கினால் நிற்காது என்ற ஒன்றைத் தவிர. உள்ளே கொஞ்சம் ஸ்பாஞ்ச் திணித்தால் அடங்கும்.

அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961-இல் வெளியிட்ட ஏ.ஆர். டர்ன்டேபிளில் தட்டையும் டோன் ஆர்மையும் ஒரே சட்டத்தில் சேர்த்து, மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, மோட்டாரைத் தனியே ஒதுக்கினார். வெளியே கால் தேடி அலைவோர் இச்செய்தியை விரும்புவதில்லை.

கனத்த சுவரில் ஒரு தாங்கு பலகை அடித்து அதன்மேல் வைத்தால் பாதி ஆராய்ச்சி மிச்சம் என்பாரும் உளர். அங்ஙனமாயின் இக்கட்டுரைக்கு வேலையின்மையின், அது கொள்ளப்படாது.