கச்சான் காற்றும் கரண்டும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரியதாழையிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தவை. எல்லாமே காற்றையும் கரண்டையும் பற்றியவை. மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கச்சான் அடித்தால் எங்கள் வள்ளம் கரையேறிவிடும். அதே காற்றில் காற்றாலைக்காரர் சம்பாதிக்கிறார். இது என்ன நியாயம் அண்ணாச்சி?
(வள்ளக்காரர், பெரியதாழை)

பதில்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் நீங்கள் வலை இறக்க முடியாத நாள் காற்றாலைக்கு அறுவடை நாள். அந்த அறுவடையில் ஊருக்கும் பங்கு வேண்டும் என்பது என் கட்சி. நடக்காத காரியமில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் கரைக்கு எதிரே, மிடில்குருண்டன் என்ற இடத்தில் 2000-இல் கடலுக்குள் 20 காற்றாலைகள் நட்டார்கள். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். கூட்டுறவுச் சங்கம் நம் கடற்கரைக்குப் புதிதில்லையே!

கேள்வி: தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் தொடக்கம் முப்பந்தல்தானே?
(பள்ளி மாணவி, மணப்பாடு)

பதில்: இல்லை தாயி. தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காடு, 1986. அன்று நட்டவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று நடும் ஒரு பெரிய காற்றாலை, அப்படி ஐம்பதுக்கு மேல் சேர்ந்து செய்யும் வேலையைத் தனியாகச் செய்கிறது. தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரம்பித்தது உன் மாவட்டத்தில் என்று வகுப்பில் சொல்.

கேள்வி: காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போதே சில காற்றாலைகள் சும்மா நிற்கின்றனவே, ரிப்பேரா?
(ஆட்டோ ஓட்டுநர், சாத்தான்குளம்)

பதில்: சில நேரம் ரிப்பேர். சில நேரம் வாங்க ஆளில்லை. மின்சாரம் உண்டாகிற நொடியிலேயே செலவாக வேண்டிய பொருள். ஊர் தூங்கும் நள்ளிரவில் கச்சான் கொட்டுகிறது. அனல் மின் நிலையத்தையோ கேஸ் அடுப்பு மாதிரித் திருகி அணைக்க முடியாது. ஓர் அளவுக்குக் கீழே அதன் கொதிகலன் இறங்காது. ஆகவே காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். காசில்லாத காற்றை விட்டுவிட்டுக் காசு கொடுத்த கரியை எரிக்கிறோம். எனக்கு வயிறு எரிகிறது.

நல்ல பாடு கிடைத்த நாளில் ஐஸ் இல்லையென்றால் மீன் என்ன ஆகும்? கரண்டுக்கும் ஐஸ்பெட்டி வேண்டும். ஆனைமலையில் கடம்பாறை அப்படிப்பட்ட ஒன்று. மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டி வருகிறார்கள். புதுக் காற்றாலைக்குக் காட்டும் அவசரத்தை இதற்கும் காட்ட வேண்டும்.

கேள்வி: பசுமை பசுமை என்கிறார்கள். எங்கள் ஊரிலோ புது அனல் மின் நிலையம்!
(கருப்பட்டி வியாபாரி, உடன்குடி)

பதில்: 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள். சூரியன் இறங்கியதும் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஒன்றாக ஓடுகின்றன; அந்த நேரத்துக்குக் கரி வேண்டும் என்பது அரசின் கணக்கு. கணக்கு புரிகிறது. ஆனால் புதிது எரியத் தொடங்கும்போது பழையது அணைய வேண்டும். தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979 முதல் எரிகிறது. அதன் சாம்பலை மூச்சில் வாங்கிய தலைமுறைக்கு, அது என்றைக்கு நிற்கும் என்ற தேதியைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கடலுக்குள் காற்றாலை நட்டால் எங்கள் பிள்ளைகள் எங்கே போய் வலை போடுவார்கள்?
(மீன் விற்கும் தாய், பெரியதாழை)

பதில்: அம்மா, வந்த கேள்விகளிலேயே பெரியது உங்களுடையது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கென்று 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. அலுவலக வரைபடத்தில் மன்னார் வளைகுடா வெறும் நீல நிறம். உங்கள் வீட்டு ஆண்களுக்கோ அங்கே ஒவ்வொரு பாருக்கும் (கடலடிப் பாறைத்திட்டுக்கும்) பெயர் உண்டு. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்து, கருவி இல்லாமலே அந்த இடத்துக்குப் போய் நிற்பார்கள். அவர்கள் மனதிலுள்ள அந்த வரைபடம் முதலில் தாளில் ஏற வேண்டும். எந்தப் பாரில் தூண் கூடாது, எந்த வழியில் கேபிள் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்த பிறகே டெண்டர். நான் காற்றாலையை வரவேற்கிறவன். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊர் ஒப்பாமல் நட முனைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கை மன்னாரில் 2020-இல் 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை திறந்தார்கள். மேலும் நட முனைந்தபோது, 2025-இல் மன்னார் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் சோலார் போடலாமா? உப்புக்காற்று தின்றுவிடாதா?
(ஆசிரியை, உவரி)

பதில்: போடலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். உப்புக்காற்றைத் தாங்கும் என்று சோதித்த பலகையா என்று கேட்டு வாங்குங்கள். சட்டம் அலுமினியம், போல்ட்டு துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு என்றால் வேலையை நிறுத்திவிடுங்கள். பலகையில் படியும் உப்பை வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கிணற்று உவர்நீரில் வேண்டாம்.