பெட்டி உனது, உள்ளே பார்க்காதே

ஆர்பிசிஎஸ்3 திட்டத்தில் சேரப் போகிறாயா தம்பி? நல்லது. சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்குள் ஓடும் ஃபர்ம்வேரைக் குடைந்து, எந்த சிஸ்டம் கால் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஆட்டப் பெட்டியின் ஆட்டங்கள் கணினியில் ஓடும்படி அதே வேலையை சி++-இல் தாங்களே எழுதி, 2011-இலிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் கூட்டம் அது. சம்பளம் கேட்காதே. ஆனால் மடாதிபதியைவிட ஆசாரமாக இருக்கவேண்டும். கம்பெனியிலிருந்து கசிந்த சோர்ஸ் கோடை ஓரக்கண்ணால் பார்த்தாலும் இந்தத் துறையில் தீட்டு.

குடையக் கருவி வேண்டுமா? கீட்ரா இருக்கிறது. 2019-இல் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ வெளியிட்டது, காசு இல்லை. அதே நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டமோ, சில விலக்குகள் போக, டிஜிட்டல் பூட்டில் கைவைக்காதே என்கிறது. கடப்பாரை கொடுப்பதும் அரசு, கைவிலங்கு காட்டுவதும் அரசு.

இனி உன்னைத் திருடன் என்பவர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். 2006-இல் சோனி 599 டாலர் வரை வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் 3 பெட்டியை விற்றபோது, லினக்ஸும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அமெரிக்க விமானப்படையே 1,700-க்கும் மேற்பட்ட பெட்டிகளை வாங்கி, ஒன்றாகக் கோத்து சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று (தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ, ரசனைக்காரர்) 3.21 ஃபர்ம்வேர் வந்தது. அதைப் போட்டால் லினக்ஸ் போச்சு. போடாவிட்டால் ஆன்லைன் ஆட்டம் போச்சு, புதிய ஃபர்ம்வேர் கேட்கும் டிஸ்க்குகளும் போச்சு. எல்லாம் பாதுகாப்புக்காகவாம். விற்ற பொருளின் ஒரு பாகத்தை, வாங்கியவன் வீட்டுக்குள்ளேயே வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் போலீஸும் வரவில்லை. எட்டு ஆண்டு இழுத்த வழக்கு 2018-இல் சமரசமானது. அமெரிக்காவில் உரிமை கோரியவருக்குக் கிடைத்தது, அதிகபட்சம் 65 டாலர்.

அந்தப் பாதுகாப்பின் லட்சணம் 2010 டிசம்பரில் பெர்லின் மாநாட்டு மேடையில் சந்தி சிரித்தது. ஈசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய ரகசிய எண் வேண்டும், அது அரிச்சுவடி. சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தது. இரண்டு கையொப்பங்களை எடுத்துப் பள்ளிக்கூட அல்ஜீப்ரா போட்டால் ரகசியச் சாவி வந்து விழும். கோபம் அந்த எண்ணைப் போட்ட புண்ணியவான் மீதா போனது? சாவியை வெளியிட்ட ஜார்ஜ் ஹாட்ஸ் மீது 2011 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். அவருடைய தளத்தை எட்டிப்பார்த்தவர்களின் ஐபி முகவரிகளைக்கூடக் கேட்டு, நீதிமன்ற அனுமதியும் வாங்கினார்கள். ஏப்ரலில் சமரசம் என்று அறிவித்தார்கள். அதே ஏப்ரலில், சோனியின் சொந்த நெட்வொர்க்கிலிருந்து 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்களை எவனோ அள்ளிக்கொண்டு போனான். அடுத்தவன் வாசலில் நின்று வருகைப் பதிவேடு எழுதியவர்களின் பின்வாசல் திறந்தே கிடந்திருக்கிறது. தடுத்திருக்கலாம் என்று சொல்லி பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013-இல் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதற்காக யாராவது கம்பெனியைத் திருடன் என்றார்களா?

அடுத்து வந்த பிஎஸ்4-இல் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி செத்து, சோனியின் சர்வரும் எட்டாவிட்டால் ஆட்டம் திறக்காமல் இருந்தது, டிஸ்க் உன் கையிலேயே இருந்தாலும். டிராபி வென்ற நேரத்தை எவனும் பொய்யாகப் பதிந்துவிடக் கூடாது என்ற கவலையே காரணம் என்கிறார்கள். பழைய ஆட்டங்களைக் காக்க நினைப்பவர்கள் கத்திய பிறகு, 2021-இல் 9.00 ஃபர்ம்வேரில் சத்தமில்லாமல் சரிசெய்தார்கள். நன்றி எல்லாம் எதிர்பார்க்காதே.

முதல் பிளேஸ்டேஷனின் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைத்த கனெக்டிக்ஸ் மீதும் வழக்குப் போட்டவர்கள்தான் இவர்கள். பிளேஸ்டேஷனின் பயாஸைக் கனெக்டிக்ஸ் படித்தது நியாயமான பயன்பாடே என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தோற்ற சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி மூடியது. அப்படிப்பட்ட உத்தமர்கள் 2018-இல் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று ஒரு குட்டிப் பெட்டி விட்டார்கள், விலை 99.99 டாலர். உள்ளே ஆட்டங்களை ஓட்டியது எது தெரியுமா? பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. உன்னைப் போன்றவர்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர். சட்டப்படி குற்றமில்லை, அதன் உரிமப்படி யாரும் எடுக்கலாம், விற்கலாம்.

ஆகவே தம்பி, கோடைச் சுத்தமாக எழுது. கமென்ட் விடாமல் போடு. நாளைக்கு அதை ஒரு பெட்டியில் அடைத்து விற்கும்போது அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது, பார்.