சாக்கரினும் லட்டும்

கேள்வி: தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் சாக்கரின் போடலாமா? கனடாவில் அதைத் தடை செய்திருந்தார்களாமே?
(வாசகர், டவுன்டவுன், மொன்றியல்)

பதில்: உண்மைதான். சாக்கரின் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால், 1977இல் கனடா அதை உணவுப் பொருட்களில் சேர்க்கத் தடை போட்டது. அமெரிக்கா சாக்கரினை விட்டுவைத்துச் சைக்கிளமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்பைத் தடுத்தது. கனடாவிலோ சைக்கிளமேட் மேசை இனிப்பாக விற்கிறது! மொன்றியலிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் அப்போது சட்டமே தலைகீழாக இருந்தது. அந்தக் கட்டி எலியின் உடல்வாகால் வந்தது, மனிதருக்குப் பொருந்தாது என்று பிறகு தெளிந்தது. 2014இல் கனடாவும் மறுபடி அனுமதித்தது. அளவோடு போடுங்கள், பயம் வேண்டாம். ஆனால் மெலிவதற்காக இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. நாக்கை ஏமாற்றலாம், இடுப்பை முடியாது. முதலில் தேத்தண்ணியோடு தட்டில் வரும் லட்டை எண்ணுங்கள்.